பச்சை மீன் என்று யார் சொன்னது?

கேள்வி: பச்சை மீனுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மெனுவும் தராமல், தான் வைப்பதைத்தான் தின்ன வேண்டும் என்கிறாரே ஜப்பானியச் சமையல்காரர்! அதற்கு 'ஓமகாசே' என்று பெயர் வேறு. இது தலைக்கனம்தானே? (நாகர்கோவில் வாசகர் ஒருவர்)

பதில்: தலைக்கனத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் 'பச்சை மீன்'. இந்தச் சொல்லோடு நான் சண்டை போடுவது இது முதல் தடவை இல்லை. நீங்கள் சொல்லும் பண்டத்தின் பெயர் சுஷி. அந்தச் சொல்லே புளிப்பிலிருந்து வந்தது. வினிகர் கலந்த சோறு இல்லாவிட்டால் சுஷி இல்லை. அதன்மேல் உட்காரும் மீனும் எப்போதும் பச்சை இல்லை. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்தபோது, தெருக்கடைகளில் விற்ற பண்டம் இது. மீன் கெடக்கூடாதே! கொஹாதா என்ற சிறு மீனை உப்பும் வினிகரும் போட்டுப் பதப்படுத்தினார்கள், சூரையை சோயா சாஸில் ஊறவைத்தார்கள், கடல் விலாங்கை வேகவைத்தார்கள். சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதியைப் பூனைகூடத் தாண்டிப் போய்விடும் என்பார்களாம். இன்றைக்கு அதற்குத்தான் கிராக்கி. தாண்டிப் போன பூனையின் பேரன் பேத்திகள் பாட்டியை மன்னித்திருக்கவே மாட்டார்கள்.

சரி, ஓமகாசே. 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தம். அதைச் சொல்கிறவர் சாப்பிட வந்தவர். காலையில் சந்தையில் எது நன்றாக இருந்தது என்று போய் வந்தவருக்குத்தானே தெரியும்? முந்நூறு அயிட்டம் அச்சடித்த மெனு அட்டையை நான் நம்புவதே இல்லை. அத்தனைக்கும் ஒரே நாளில் புதிதாக யார் சரக்கு வாங்குவது?

டோக்கியோவின் கின்சா பகுதியில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், பத்தே இருக்கைகளோடு கடை நடத்திப் பேர் வாங்கியவர் 1925இல் பிறந்த ஜிரோ ஓனோ. அவரும் ஓமகாசே சொல்கிறவர்தான். சூரைக்கு ஒரு வியாபாரி, இறாலுக்கு ஒருவர், அரிசிக்கு ஒருவர் என்று அவரவரிடம் விட்டுவிடுகிறார். அந்த அரிசிக்காரரிடம் ஒரு பெரிய ஹோட்டல் அதே அரிசியைக் கேட்டதாம். அதை ஆக்கத் தெரியாதவர்களுக்கு விற்று என்ன பயன் என்று மறுத்துவிட்டாராம். ஜிரோவைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்தில் அந்த அரிசிக்காரரே சொல்கிறார். அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஜிரோவின் கடையில் அந்தச் சோற்றை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள். ஆக்டோபஸை நாற்பது, ஐம்பது நிமிடம் கையால் பிசைகிறார்கள். ஒரு சீடர் முட்டைத் துண்டம் ஒன்றை இருநூறு தடவைக்குமேல் செய்து, கடைசியில் ஜிரோ 'சரி' என்றபோது அழுதுவிட்டார். குறை சொல்வதென்றால் வேறொன்றைச் சொல்லுங்கள்: அந்தக் கடையில் சாதாரண ஆள் முன்பதிவு செய்ய முடியாது. உணவகங்களுக்கு நட்சத்திரம் போடும் மிஷெலின் கையேடு 2019இல் தன் பட்டியலிலிருந்து கடையை எடுத்ததும் அதனால்தான். அது எனக்கும் வருத்தம்.

தலைக்கனத்துக்கு வருகிறேன். முதல் துண்டை நீங்கள் எந்தக் கையால் எடுக்கிறீர்கள் என்று ஜிரோ பார்ப்பார். இடது கை என்றால், அடுத்த துண்டு அந்தக் கைக்கு வாகாக வந்து உட்காரும். நீங்கள் வாய் திறந்து கேட்கவே வேண்டாம்.