ஞாயிறானால் மலைக்குக் கிளம்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "செகண்ட் பியுசி (கர்நாடகத்தில் பிளஸ் டூ) படிக்கிற பிள்ளை, ஞாயிறானால் போனும் கையுமாக டப்பா தேடிப் போகிறாள், இல்லையென்றால் மலை ஏறுகிறாள். இதெல்லாம் எதற்காவது உதவுமா மேடம்?" அல்சூர் பஸ் வந்துவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

முதலில் அந்த டப்பா. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3ஆம் தேதியே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை மற்றவர்களுக்குச் சொன்னார். ஜியோகேச்சிங் என்ற இந்த டப்பா தேடும் விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. போன் சில மீட்டர் தூரம் வரை கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் கண்ணும் பொறுமையும்தான். டப்பா கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து வந்துவிடும். கடைசியில், இருந்த இடத்திலேயே இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும்.

உங்கள் மகள் ஒரு பூங்காவில் முக்கால் மணி நேரம் தேடி ஒரு பிலிம் ரோல் டப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறாள். மூடி விரிசல் விட்டு உள்ளே தாள் நனைந்திருந்தது. பெயரை எழுதிவிட்டு வந்திருக்கலாம். அவளோ தாளைக் காயவைத்து, டப்பாவைத் துடைத்து, ஒளித்தவருக்கு மூடி உடைந்த விவரத்தையும் அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். யாரும் பார்க்கவில்லை, மார்க்கும் கிடையாது. பிள்ளைகளிடம் நான் தேடும் தலைமைப் பண்பு இதுதான் அம்மா.

எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. பல வருஷம் முன்பு எட்டுப் பேரைச் சாவனதுர்காவுக்குக் கூட்டிப்போனேன். பெங்களூருக்கு அருகே மாகடி பக்கம் 1,226 மீட்டர் உயரத்தில் நிற்கும் கருங்கல் மலை அது. பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இல்லாத சரிவுகள். வழி தெரிந்தவள் என்று நான் முன்னால் விறுவிறுவென ஏறினேன். உச்சியில் நந்தி மண்டபத்தருகே உட்கார்ந்து எண்ணினால் ஏழு பேர்தான். எட்டாவது பெண் தண்ணீர் தீர்ந்து, கால் நடுங்கி, சரிவின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காயம் எதுவும் இல்லை. ஆனால் அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்று முதல் எந்த மலையிலும் நான் கடைசி ஆளாகத்தான் நடக்கிறேன்.

அதே மலையில் ஜூலையில் உங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? (உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.) உச்சிக்கு அரை மணி நேர ஏற்றம் பாக்கி. மேகம் கூடியது. நனைந்தால் அந்தப் பாறையில் கால் நிற்காது. மூன்று பையன்கள் மேலே போயே தீருவோம் என்று நின்றார்கள். அவள் வாதாடவில்லை. "நான் இறங்குகிறேன், வருகிறவர்கள் வாருங்கள்" என்று சொல்லி, பயந்துபோயிருந்த இருவரை முன்னால் விட்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன்களும் இறங்கிவிட்டார்கள். பதினேழு வயதில் சிநேகிதர்கள் முன்னால் திரும்பிப் போவது எவ்வளவு கஷ்டம்!

சரி, இதெல்லாம் வேலை கிடைக்க உதவுமா என்பதற்கு வருவோம். பயோடேட்டாவில் 'தலைமைப் பண்பு உண்டு' என்று எழுதுவதால் பலன் இல்லை. இரண்டு நாள் வகுப்பு நடத்திக் கொடுக்கிற சான்றிதழுக்கும் பணம் கட்டாதீர்கள். நேர்முகத்தில், எத்தனை பேர் போனீர்கள், யார் எதிர்த்தார்கள், நீ என்ன சொன்னாய் என்று துருவுவார்கள். செய்தவர்களுக்குத்தான் பதில் வரும். அதனால் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தப்பாகப் போனதையும் சேர்த்து.

ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) பற்றி ஆசையாக விசாரித்தாள். பெண்கள் 2021 முதல் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வுக்கும் 900. அங்கே பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடைகளைத் தாண்டச் சொல்லும்போது தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. யார் யோசனை சொல்கிறார்கள், யார் தோள் கொடுக்கிறார்கள் என்று அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார். வரைபடத்தில்தான் அவள் மனம் நிற்கிறது என்றால், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (கணினியில் வரைபடமும் இடத் தகவலும் கையாளும் படிப்பு) படிக்கலாம்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கர்நாடகத்தில் பொறியியல் ரேங்குக்கு பியுசி மதிப்பெண் பாதி, சிஇடி என்ற நுழைவுத் தேர்வு பாதி. அதனால் டிசம்பர் வரை மாதம் ஒரு மலை, ஜனவரியிலிருந்து பரீட்சை முடியும்வரை ஒன்றும் வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறோம். கூட வருகிறவர்களின் பெயரும் நம்பரும் உங்களிடம் இருக்க வேண்டும், இருட்டும் முன் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டாள்.

இன்னொன்று. தும்கூர் ரோட்டில் சிவகங்கை மலை இருக்கிறது, நம் ஊர்ச் சிவகங்கை இல்லை. அபிஷேக நெய் வெண்ணெயாக மாறும் என்று நம்புகிற கங்காதரேஸ்வரர் கோயில் அங்கேதான். படி உண்டு, நீங்களும் மெதுவாக ஏறலாம். அடுத்த மாத மலைக்கு மகளோடு நீங்களும் போய்வாருங்கள். மூச்சு வாங்கி நீங்கள் உட்காரும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். வந்து எனக்குச் சொல்லுங்கள்.