சர்க்கரை, மாரடைப்பு: பரம்பரையில் வருவது எது?

கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் சர்க்கரை. எனக்கும் வந்தே தீருமா அக்கா?

பதில்: அப்படி இல்லை தம்பி. மரபணுவுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதோடு சேர்ந்து வீட்டுச் சாப்பாடு, வருமானம், அம்மா பட்ட பசி எல்லாமே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிறந்த எடைக்கும் வயதான பிறகு வரும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலியர் 1911 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் கணக்கு வைக்க ஏற்பாடு செய்தார். பிறந்த எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒரு வயதில் என்ன எடை, எத்தனை பல் என்று எல்லாம் பேரேட்டில் ஏறின. பல பத்தாண்டு கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழுவினர், 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பதிவுகளை எடுத்து, அவர்களில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று ஒத்துப் பார்த்தார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989ல் இது வெளிவந்தது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் 1934க்குப் பிந்தைய பிரசவப் பதிவுகளும் இதையே காட்டின.

துணித்தூளியில் குழந்தையைப் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டுவோம். முள் இரண்டு கிலோவைத் தொடாமல் நின்றால் எனக்கு மனசு கலங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் தப்பு அம்மா மேலேதானே?

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டவள் அவள். "வயிறு நிறையத் தின்னால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று அவளைத் தடுத்ததும் வீட்டுப் பெரியவர்களே. இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தைத் தடுத்ததால், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு, ஐம்பது வயதில் உடம்பு சர்க்கரையைக் கையாளத் திணறியது. அந்தத் தாய்மார் என்ன தப்பு செய்தார்கள்?

கேள்வி: என் மகன் பிறக்கும்போது 1.9 கிலோ. இப்போது 4 வயது, ஒல்லி. என்ன கொடுக்கலாம்?

பதில்: முட்டை, பருப்பு, கீரை, கடலை. பிஸ்கட்டும் சத்துமாவு டப்பாவும் திணிக்காதீர்கள் அம்மா. டெல்லியில் ஒரு தலைமுறையைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தையில் மெலிந்திருந்து 12 வயதுக்குள் வேகமாகச் சதை போட்டவர்களுக்கே பிற்பாடு சர்க்கரை அதிகம். ஒல்லியாக இருந்தாலும் உயரம் ஏறுகிறதா என்று பாருங்கள். நன்றாக ஓடி விளையாடட்டும்.