வாசகர் கேட்கிறார்கள்: என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வை எழுத டீச்சர் பெயர் கொடுத்திருக்கிறார். நானும் அவள் அப்பாவும் பத்தாவதைத் தாண்டாதவர்கள். நாங்கள் எப்படி உதவுவது?
– வாசகி, ஆண்டிபட்டி

பாடம் சொல்லித் தருவது ஆசிரியர் வேலை, அதை அவரிடமே விட்டுவிடுங்கள் அம்மா. கடிகாரத்தையும் ஒரு நோட்டையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பத்தாவதுகூடத் தேவையில்லை.

தேர்வு இரண்டு தாள். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. மொத்தம் 180க்கு 40 சதவீதம், அதாவது 72 வாங்கினால் தேர்ச்சி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம். ஆனால் தேர்ச்சி வேறு, தேர்வாவது வேறு. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர்தான். மதிப்பெண் வரிசைப்படி எடுப்பதால் 72ஐ இலக்காக வைத்துப் படிக்கிற பிள்ளை வெளியே நின்றுவிடும்.

நோட்டு விஷயம் இதுதான். மகள் ஒரு மாதிரித் தாளை எழுதி முடித்ததும் தப்பான கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘தெரியாது’, ‘அவசரம்’, ‘கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும். ‘தெரியாது’ என்பதை டீச்சரிடம் காட்ட வேண்டும். மற்ற இரண்டும் அதிகமாக இருந்தால் இன்னும் படி என்று விரட்டிப் பயனில்லை, நிதானமாகப் படித்துப் பழக வேண்டும். ‘எது பொருந்தாதது’ என்ற கேள்விக்குப் பொருந்துவதைக் குறித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம்.

கடையில் தொங்கும் கைடுகளை வாங்கிக் குவிக்காதீர்கள். படிப்பறிவுத் தாளுக்கு ஏழு, எட்டாம் வகுப்புப் பாடநூல்தான் கைடு. பெட்டிச் செய்தி, படத்தின் கீழே உள்ள வரி, ‘உங்களுக்குத் தெரியுமா’ பகுதி எதையும் விடக்கூடாது.

மனத்திறன் பகுதியில் என் பையன் திணறுகிறான். விடையைச் சொன்னால் புரிகிறது, தானாகப் போட வரவில்லை.
– வாசகர், அறந்தாங்கி

விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் தானே போடுவதும் ஒன்றல்ல. முதல் பத்து நிமிடம் விடைப்பக்கத்தை மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

எழுத்துத் தொடருக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் மனப்பாடமாக வேண்டும். இ 5, ஜே 10, ஓ 15, டீ 20, ஒய் 25. இந்த ஐந்தும் நின்றுவிட்டால் மற்றவற்றை முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம். எதிர் எழுத்து கேட்டால் இரண்டின் எண்ணும் சேர்ந்து 27 வரும். ஏ 1 என்றால் அதன் எதிர் இசட் 26.

எண் தொடரில் முதலில் வித்தியாசத்தை அடியில் எழுதிப் பார்க்க வேண்டும். 3, 8, 15, 24 என்றால் வித்தியாசம் 5, 7, 9. அடுத்தது 11, எனவே விடை 35. வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியாவிட்டால் பெருக்கலா, வர்க்கமா என்று பார்க்கலாம். கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு, கொடுத்த நேரத்தை 11.60லிருந்து (12 மணியைத்தான் கழிக்க வசதியாக இப்படி எழுதுகிறோம்) கழித்தால் விடை. 4.20க்கு 7.40.

பிள்ளைகளை அதிகம் குழப்புவது வண்ணம் பூசிய கனசதுரம். சமையலறையிலேயே இதைத் தீர்க்கலாம். பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைக் கனசதுரமாகச் சீவி, ஆறு பக்கமும் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசுங்கள். காய்ந்ததும் மூன்று திசையிலும் இரண்டிரண்டு வெட்டு. 27 துண்டு வரும். பையனையே பிரித்து எண்ணச் சொல்லுங்கள். மூன்று பக்கம் மஞ்சள் 8 (மூலைகள்), இரண்டு பக்கம் 12 (விளிம்புகள்), ஒரு பக்கம் 6, மஞ்சளே படாதது நடுவில் 1. கையால் ஒருமுறை எண்ணியவனுக்குச் சூத்திரம் மறந்தாலும் விடை மறக்காது.

நன்றாகப் படிக்கிற பெண், மாதிரித் தேர்வில் எப்போதும் நேரம் போதவில்லை. வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளிலும் தப்பு செய்கிறாள்.
– வாசகர், திருச்செங்கோடு

இரண்டும் சேர்ந்தே வரும் தொல்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் வட்டம் நிரப்புகிறாளா என்று கவனியுங்கள். ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் 90க்கு ஏழரை நிமிடம். அந்தப் பதற்றத்தில்தான் 31ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 32இன் விடையை 31இல் குறிப்பது நடக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு வரி தள்ளிப் போகும்.

விடை தெரிந்ததும் அப்போதே நிரப்பட்டும். பத்துக்கு ஒருமுறை கேள்வி எண்ணும் வரிசை எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். அரை நிமிடத்தில் வழி தெரியாத கேள்வியைத் தாண்டிப் போய், 65 நிமிடத்துக்குள் கடைசிக் கேள்வியைத் தொட வேண்டும். பிறகு விட்டதற்குத் திரும்பலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றையும் காலியாக விடக்கூடாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினால் மட்டும் அது போனதுதான்.

வெற்று ஓ.எம்.ஆர். தாளைப் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்து, கருப்புப் பந்துமுனைப் பேனாவிலேயே பழக்குங்கள். பென்சிலில் பழகிய கை அழிப்பானைத் தேடும்.

தேர்வான பிறகும் சிலருக்குப் பணம் வருவதில்லையாமே?
– வாசகி, மணப்பாறை

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாணவர் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே வரும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று இருந்துவிடுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று என்றிருந்தால் எட்டாவதிலேயே திருத்திவிடுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்பதால் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

எட்டாவது முடிந்ததும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் தொகை நின்றுவிடும். அரசு, உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளியில்தான் தொடர வேண்டும். பத்தாவதில் 60 சதவீதமும் தேவை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 55.