கோவையில் வெயிலடிக்கும்போது மலை ஓடையைக் கடப்பது அவ்வளவு ஆபத்தா?

ஆடி மாசம் மலையேறப் போகிறோம், ஊரில் சுள்ளென்று வெயில், பிறகு ஓடைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டி முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவை வெயிலை வைத்து மலையைக் கணக்குப் போடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலை மேலேயே கொட்டிவிட்டு, நமக்குச் சாரலும் காற்றும்தான் அனுப்பும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாள் மழையாக 82 சென்டிமீட்டர் பதிவானது. கோவை நகரத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. அந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் குந்தா ஆறு வழியாகப் பில்லூர் அணைக்கு வந்து, மேட்டுப்பாளையத்தில் பவானியாக ஓடுகிறது. கரையில் நிற்பவர் மேல் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் நடந்தது. முறையாக அனுமதி வாங்கி, மலசர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வழிகாட்டப் போயிருந்தோம். காலையில் கணுக்கால் தண்ணீரில் தாண்டிய ஓடைப் பள்ளம்தான். மதியம் திரும்பும்போதும் நல்ல வெயில். பெரியவர் கரையிலேயே நின்று, "தண்ணி நெறம் மாறுது, எறங்காதீங்க சாமி" என்றார். லேசான கலங்கல், அதில் சருகும் சுள்ளியும். மலையேற்ற ஏற்பாட்டாளரின் ஆளோ, வேன் காத்திருக்கிறது, கை கோத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எல்லோருமே மேட்டுக்கு ஏறினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. அடியில் கல் உருளும் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது.

இதைக் கோழைத்தனம் என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். சரி, போடட்டும். நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். முழங்கால் அளவு வேகத் தண்ணீரில் நீச்சலுக்கு வேலையே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஆளை மடக்கி அழுத்திவிடும். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவதும் வேண்டாம், அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கும்.

சின்னப் பள்ளம் ஏறுகிற மாதிரியே வடியவும் செய்யும். மேலே மழை விட்டதும் நாங்கள் இருட்டுவதற்குள் கடந்துவிட்டோம். ஒரு வேளைச் சோறும் டார்ச்சும் கூடுதலாக வைத்துக்கொண்டால் காத்திருப்பது பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்று, இன்றைக்கும் ஆறவில்லை. ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிய அந்த ஏற்பாட்டாளர், பெரியவருக்குக் கொடுத்தது சாதாரணத் தோட்டக் கூலிகூட இல்லை. அவர்கள் போட்ட படங்களில் அவர் முகமும் இல்லை. கேட்டால், "அது எங்க உள் விஷயமுங்க" என்றார்கள். எத்தனை உயிரைக் காப்பாற்றிய மனுஷன்! நீங்கள் பணம் கட்டிய இடத்தில் வழிகாட்டிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் திரும்பு என்றால் திரும்ப வேண்டும் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.