உரத்தொட்டியில் புழு, வீட்டில் சண்டை

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளி செல்லும் பிள்ளைகள் இரண்டு பேர். ஆறு மாதமாகச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் வாழ முயல்கிறேன். பழத்தோலை ஊறவைத்துத் தரை துடைக்கச் செய்கிற பயோ என்சைம், வினிகரும் சமையல் சோடாவும் கலந்து தரை துடைப்பது, துணி நாப்கின், துணிப்பை, பால்கனியில் உரத்தொட்டி என்று எல்லாவற்றையும் செய்து களைத்துவிட்டேன். தொட்டியில் புழு வந்து நாறுகிறது. "உன் குப்பையை நீயே பார்த்துக்கொள்" என்கிறார் கணவர். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? வாங்கி வைத்த ஸ்டீல் ஸ்ட்ராக்களை என்ன செய்வது?

பதில்: பாதியை இன்றைக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றும் உங்கள் ஒருவர் தலையில்தான் விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? வேலைக்கும் போய்க்கொண்டு, தோலை ஊறப்போட்டு, மூன்று மாதம் மூடியைத் திறந்து திறந்து காற்று விட்டு, அப்புறம் வடிகட்டித் தரை துடைக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை. என்சைம் போகட்டும். வினிகர்-சோடா கலவையும் போகட்டும். இரண்டும் சேர்ந்தால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும், நுரை அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாக வைத்துக்கொண்டால் உபயோகம் உண்டு: அடிப்பிடித்த பாத்திரத்துக்கு சோடா, குழாயில் படிந்த உப்புக் கறைக்கு வினிகர்.

விடக் கூடாதது உரத்தொட்டி. நம் வீட்டுக் குப்பையில் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பாதி அளவு ஈரக்கழிவு. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பெருங்குடிக் கிடங்கில் பல பத்தாண்டுகளாகத் தென்சென்னைக் குப்பை மலையாகக் குவிந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தபோது புகையும் வந்திருக்கும். அப்படிக் குவித்த குப்பைக்குள் காற்று புகாமல் காய்கறித்தோலும் சோறும் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதே தோல் உங்கள் தொட்டியில் காற்றோட்டமாக மட்கினால் மீத்தேன் கிட்டத்தட்ட வராது.

சரி, புழு. ஈரம் அதிகம், அவ்வளவுதான். என் முதல் தொட்டியில் நான் மிச்ச சாம்பாரை ஊற்றினேன் (தயிர்சாதமும் போட்டேன், ஏன் மறைக்க வேண்டும்), ஒரு வாரத்தில் புழுக்கள் ஊர்வலமாகப் பக்கத்து வீட்டு வாசல்வரை போய்விட்டன. சமைத்ததையும் எலும்பையும் இப்போதைக்குப் போடாதீர்கள். ஒரு கிண்ணம் காய்கறித்தோல் போட்டால் அதே அளவோ, மழைக்காலத்தில் இரண்டு மடங்கோ காய்ந்த சமாச்சாரம் மேலே போட வேண்டும்: சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, நர்சரியில் கட்டியாக விற்கிற கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). கட்டியை ஊறவைத்து அப்படியே கொட்டிவிடாதீர்கள், உதிர்த்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். தொட்டியின் பக்கங்களிலும் அடியிலும் ஓட்டை இருக்கட்டும், வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு தொட்டி வைத்தால் ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்குப் போகலாம், இரண்டு மாதத்தில் முதல் தொட்டி மண்வாசனை அடிக்கும். இப்போது இருக்கிற புழுக்கள் மட்குகிற வேலையைத்தான் செய்கின்றன, கடிக்காது; காய்ந்ததை அள்ளிப் போட்டுக் கிளறினால் குறைந்துவிடும்.

கிளறுவது உங்கள் கணவரின் வேலை. வெங்காயத்தோலும் முட்டைக்கோஸ் காம்பும் அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் மிஞ்சியதுதானே, அது எப்படி "உன் குப்பை" ஆகும்? உதவி கேட்கிற குரலில் கேட்காதீர்கள். புதன், ஞாயிறு என்று நாள் குறித்துக் கொடுத்துவிடுங்கள், அவர் மறந்தால் நீங்கள் போய்க் கிளறாதீர்கள். நாறினால் நாறட்டும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, இது அவருக்கே பிடித்துப்போகும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறி 30 வாட் சொச்சத்தில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 30 யூனிட் மிச்சம். ஓடுகிற விசிறியைக் கழற்றி எறிய வேண்டாம், பழுதாகிப் போனதை மாற்றும்போது இதை வாங்கச் சொல்லுங்கள். ஏசியை 26-இல் வைத்து விசிறியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. நம் ஊர்க் கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும், பில்லைக் காட்டினாலே அவருக்குப் புரியும்.

துணிப்பை இனி ஒன்றுகூட வாங்காதீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, பருத்திப் பையை 131 முறை எடுத்துப் போனால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பையோடு பருவநிலை பாதிப்பில் அது சமமாகும். எப்படியும் பீரோவில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் இருபதாவது இருக்கும். இரண்டை வண்டியில் போடுங்கள், போதும். துணி நாப்கின் துவைப்பது பாரமாக இருந்தால் மாதவிடாய்க் கப்புக்கு மாறலாம், ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால் பழையபடி கடை நாப்கினுக்கே போங்கள், அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்ட்ராவா? டிராயரிலேயே கிடக்கட்டும். பிள்ளைகளோடு இளநீர் குடிக்கப் போகிற அன்று ஞாபகம் வந்தால் எடுத்துப் போங்கள்.