5.30-க்குக் கிளம்பி 11.45-க்கு லண்டன்: நடுவில் எத்தனை மணி நேரம்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "மகள் பிரசவத்துக்காக ஜூன் மாதம் லண்டன் போகிறேன். தூரம் 8,200 கி.மீ., விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். அப்படியென்றால் 9 மணி நேரம்தானே? டிக்கெட்டில் காலை 5.30-க்குப் புறப்பட்டு அன்றே 11.45-க்கு இறங்குவதாக இருக்கிறது. எது சரி? வீட்டை விட்டு எப்போது கிளம்ப வேண்டும்?"

அம்மா, நீங்கள் விமானத்தில் இருக்கப்போவது 10 மணி 45 நிமிடம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் லண்டன் கடிகாரப்படி. ஜூனில் அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே 11.45 என்றால் உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மாலை 4.15. அதிலிருந்து 5.30-ஐக் கழித்துப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிவிடும். ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

சரி, 9 மணி நேரம் ஏன் பத்தே முக்கால் ஆனது? வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, சென்னையில் ஒரு நுனி, லண்டனில் ஒரு நுனி வைத்து இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டும் படத்தில் கோடு போட்டால் அரபிக்கடல் மேல் போகும். நூலோ மகாராஷ்டிரம், குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல் என்று வடக்கே ஏறிப் போகும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் அந்த நூல் 19 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக வரும், ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. நீங்கள் சொல்லும் 8,200 இதுதான். விமானம் அந்த நூல் மேலேயே போவதில்லை. சண்டை, பதற்றம் என்றால் நாடுகள் வான்வெளியை மூடும், சுற்றித்தான் போக வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வழியை அடைத்தபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன நம் விமானங்களுக்குப் பயண நேரம் கூடியது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க வட்டமடிப்பது எல்லாமும் உங்கள் பத்தே முக்கால் மணி நேரத்தில் அடக்கம்.

பெரிய காரணம் காற்று. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று. அதனால் திரும்பும் பயணம் முக்கால் மணி நேரமாவது குறையும்.

துபாய் வழி டிக்கெட் மலிவு என்றால் தூரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 2,900-மும் 5,500-மும் சேர்த்து 8,400 கி.மீ.தான். நடுவில் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். தனியாகப் போகும் உங்களுக்கு நேர் விமானமே நல்லது என்பேன்.

அப்புறம், தேதி. டிக்கெட்டில் 12-ம் தேதி காலை 5.30 என்றால், நீங்கள் வீட்டைப் பூட்ட வேண்டியது 11-ம் தேதி ராத்திரி. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 2.30-க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். மெட்ரோ 11 மணியோடு நின்று காலை 5-க்குத்தான் மறுபடி ஓடும். பெட்டிகளோடு கார்தான் வசதி. துறைமுகப் பக்கம் ராத்திரியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த ராத்திரி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.