மடையனுக்கு மாலை போடலாமா?

கேள்வி: ‘மடையன் என்பது வசவே அல்ல, வெள்ளக் காலத்தில் ஏரிக்குள் மூழ்கி மடையைத் திறந்து ஊரைக் காப்பாற்றிய வீரனின் பெயர்’ என்று எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பேசினார். உண்மையா?
(வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: கணக்கறிக்கை வாசிக்க வேண்டிய கூட்டத்தில் தலைவருக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு? யாரோ கணக்குக் கேட்டிருப்பார். இவர் ‘மடையா’ என்று வாய்தவறி விட்டிருப்பார். பிறகு சமாளிப்பதற்காக ஏரியும் வெள்ளமும் வந்து சேர்ந்திருக்கும். கோயில் தலைவர்களை எனக்குத் தெரியும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் தம் பெயரை எழுதிவைத்துவிட்டு, சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்று விசிறியை நிறுத்தச் சொல்கிறவர்கள்.

ஏரிக்கு மடை உண்டு. மூழ்கித் திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த வேலைக்காரருக்கு நீர்க்கட்டி, நீராணிக்காரர் என்று தனிப் பெயர்களே இருந்தன. மடை என்றால் சோறு, படையல் என்றும் பொருள்; மடைப்பள்ளி அப்படி வந்ததுதான். அகராதியைப் புரட்டினால் மடையன் என்ற பெயரில் சமையற்காரரும் அகப்படுவார். விராடன் அரண்மனையில் பீமன் பார்த்த உத்தியோகம் அது. அவனை அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கும் தைரியம் கீசகனுக்கே இருந்திருக்காது.

வசவு வந்த வழி வேறு. மடம் என்றால் அறியாமை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு எழுதிவைத்த நாலில் இரண்டாவது. பெண்ணிடம் இருந்தால் குணமாம், ஆணிடம் இருந்தால் மட்டும் திட்டாம்! இந்த நாலையும் மேடைதோறும் முழக்கும் புலவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. அது கிடக்கட்டும். பழைய இலக்கண உரையான இறையனார் களவியல் உரை மடத்துக்குச் சொல்லும் இலக்கணம், ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. பிறர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாதிருப்பது. காலையில் வாட்ஸ்அப்பில் வந்த ஏரிக் கதையை மாலையில் மைக்கில் ஒப்பிக்கிறவருக்கு இதைவிடக் கச்சிதமாக யார் எழுத முடியும்?

அதுசரி, பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்த நமக்கு மடை எதற்கு? மரத்தடியில் பால் பிடிக்கும் மங்கு இருக்கிறதே! மலாய்க்காரர்கள் ‘மங்கோக்’ என்று கிண்ணத்தையும் சொல்வார்கள், முட்டாளையும் சொல்வார்கள். விடிவதற்கு முன்பே தாயோடு பால்மர நிரைக்குப் போய், மங்கின் அடியில் ஒட்டிய கட்டிப்பாலை விரலால் உரித்தெடுத்துத் துடைத்துவைத்த பிள்ளை, வகுப்பில் தூங்கி விழுந்தால் அதற்கு ‘மக்கு’ என்று பெயர். சொன்ன வாத்தியார் அப்போதுதான் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்திருப்பார்.

அந்த ‘மக்கு’களின் பெற்றோர்தான், வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். 1960இல் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். அடுத்த முறை அதைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.